பைலட் என்ற பேர்

2010ல் 108 ஆம்புலன்ஸில் சேர்ந்தேன். பயிற்சி முடிந்த அன்றைக்குக் கழுத்தில் மாட்டிக்கொள்ள ஓர் அட்டை கொடுத்தார்கள். என் பேருக்குக் கீழே ‘பைலட்’ என்று அச்சடித்திருந்தது. 108ல் வண்டி ஓட்டுகிறவரை டிரைவர் என்று சொல்வதில்லை. பைலட் என்றுதான் சொல்வார்கள். பின்னால் நோயாளியோடு உட்கார்ந்து வருகிறவர் இ.எம்.டி. ஒரு வண்டிக்கு நாங்கள் இரண்டே பேர், 12 மணி நேர ஷிப்ட்.

அந்த அட்டையைக் கையில் வாங்கியதும் எனக்கு என் மாமா கொண்டுவந்த புத்தகக் கட்டு ஞாபகம் வந்தது. பெரிய மாமா, அம்மாவின் அண்ணன், கப்பலில் எஞ்சின் ரூமில் ஆயில்மேன். தூத்துக்குடியில் எங்கள் தெருவில் கப்பலுக்குப் போன வீடுகள் நாலைந்து இருந்தன. மற்றவர்கள் சோப்பும் சட்டைத்துணியும் கொண்டுவருவார்கள். மாமா அவற்றோடு, இங்கிலாந்துத் துறைமுகங்களில் மாலுமிகள் தங்கும் விடுதிகளில் யாரோ படித்துவிட்டுப் போட்ட பத்திரிகைகளையும் சணல் கயிற்றால் கட்டி எடுத்து வருவார். அப்போது எனக்குப் பதினான்கு வயது. முத்து காமிக்ஸ், லயன் காமிக்ஸ் என்று ஒன்று விடாமல் படிக்கிற பையன். இரும்புக்கை மாயாவியும் ஸ்பைடரும் ஆர்ச்சியும் சிவகாசியில் அச்சாகி வந்தாலும் அவர்களுடைய பிறந்த ஊர் லண்டன் என்பதை எனக்குச் சொன்னவரே மாமாதான். ‘வேலியன்ட்’, ‘லயன்’ என்ற ஆங்கில வாரப் பத்திரிகைகளில் 1950களிலும் 60களிலும் வந்தவர்கள் அவர்கள். தமிழ் முத்து காமிக்ஸ் 1972ல் முதல் இதழை இரும்புக்கை மாயாவியோடுதான் தொடங்கியது.

மாமாவின் கட்டில் அந்த முறை வந்தது ‘2000 ஏடி’ என்ற வார இதழ். ஒவ்வொரு இதழிலும் நாலைந்து தொடர்கதைகள், ஒவ்வொன்றும் ஐந்தாறு பக்கம். மட்டமான தாள், ஓரமெல்லாம் பழுப்பேறியிருந்தது. அதில் ஒரு கதையின் தலைப்பு ‘மெடிவாக் 318’. லிஃப்கோ அகராதியைப் புரட்டிப் பார்த்தேன், அந்த வார்த்தை அதில் இல்லை. பள்ளியில் இங்கிலீஷ் சாரிடம் கேட்டதற்கு, மெடிக்கல், எவாக்குவேஷன் என்ற இரண்டு சொல்லையும் வெட்டி ஒட்டியது என்றார். காயம்பட்டவரை அவர் இருக்கிற இடத்திலிருந்து தூக்கிக்கொண்டு வந்து வைத்தியத்துக்குச் சேர்ப்பது. எதிர்காலத்தில், விண்வெளியில், அப்படி ஒரு வண்டியை ஓட்டுகிற பைலட்டின் கதை அது. தலைப்பில் இருந்த 318 எனக்கு ஒரு வண்டியின் எண்ணாகவே பட்டது. இன்றைக்கு எங்கள் வண்டியையும் கண்ட்ரோல் ரூமில் எண்ணைச் சொல்லித்தான் கூப்பிடுகிறார்கள்.

எழுதியவர் ஹிலாரி ராபின்சன், வரைந்தவர் நைஜல் டாபின். ஒவ்வொரு கதையின் ஓரத்திலும் எழுதியவர், வரைந்தவர், எழுத்துப் பொறித்தவர் பெயர்களை ஒரு சின்னக் கட்டத்துக்குள் போட்டிருப்பார்கள். அந்தக் காலத்து இங்கிலாந்து காமிக்ஸில் வழக்கமாகப் பேரே போடமாட்டார்கள். ‘2000 ஏடி’யில் கலைப்பகுதியில் இருந்த கெவின் ஓ’நீல்தான் அந்தக் கட்டத்தைக் கொண்டுவந்தார். அவர் செய்த அந்த ஒரு காரியத்தால்தான் தூத்துக்குடியில் ஒரு பையனுக்கு ஹிலாரி ராபின்சன் என்ற பேர் தெரிந்தது. ஆண்கள் நிரம்பிய அந்தப் பத்திரிகையில் எழுதிய மிகச் சில பெண்களில் அவரும் ஒருவர்.

அந்தக் கதை எந்தப் பத்திரிகையில் வந்தது என்பதையும் சொல்ல வேண்டும். ‘2000 ஏடி’ 1977 பிப்ரவரியில் தொடங்கியது. அதற்கு முந்தைய வருடம் ‘ஆக்‌ஷன்’ என்று ஒரு பத்திரிகை வந்து, அடிதடியும் ரத்தமும் அதிகம் என்று இங்கிலாந்தில் பெரிய கூச்சல் கிளம்பி, அக்டோபரில் ஓர் இதழ் முழுவதையும் கூழாக்கிவிட்டார்கள். ‘ஆக்‌ஷன்’ பத்திரிகையை உருவாக்கிய பாட் மில்ஸ்தான் ‘2000 ஏடி’யையும் உருவாக்கினார். எதிர்காலக் கதை, இயந்திர மனிதன், வேற்றுக் கிரகம் என்று போட்டால் அதே வேகத்தோடு எழுதலாம், யாரும் கூச்சல் போட மாட்டார்கள். இரண்டாம் இதழில் ஜட்ஜ் டிரெட் வந்தான். போலீஸ்காரனும் அவன்தான், நீதிபதியும் அவன்தான், தண்டனை கொடுப்பவனும் அவன்தான். பிறகு விஷக்காற்று வீசும் போர்க்களத்தில் தனியாகத் திரியும் சிப்பாய் ரோக் ட்ரூப்பர், தலைக்கு விலை வைத்து ஆள் பிடிக்கும் ஜானி ஆல்ஃபா. எல்லார் கையிலும் துப்பாக்கி. நானும் அவற்றை ரசித்துத்தான் படித்தேன். ஆனால் அந்தக் கட்டில் என் மனசில் தங்கியது மெடிவாக் பைலட்தான். மற்ற கதைகளில் பக்கத்துக்குப் பக்கம் ஆட்கள் விழுந்து கிடக்கிறார்கள், கதை அவர்களைத் தாண்டிப் போய்விடுகிறது. விழுந்தவனை யார் தூக்கப் போவது என்று அந்த வயதிலேயே எனக்கு ஒரு கேள்வி இருந்தது. இந்த ஒரு கதைதான் தூக்கப் போகிறவரை ஓட்டுநர் இருக்கையில் உட்காரவைத்து அவரையே கதாநாயகராக்கியது.

அந்தப் பைலட்டுக்குப் பின்னால் ஒரு பெரிய வம்சாவளி இருக்கிறது. வேலைக்குச் சேர்ந்த பிறகு, ராத்திரி ஷிப்டில் அழைப்பு வராத நேரங்களில் தேடித் தேடிப் படித்தேன். பல வருடப் படிப்பு அது.

முதலில் லாரே. டொமினிக் ஜான் லாரே, பிரெஞ்சுப் படையின் அறுவை வைத்தியர். 1792ல் ரைன் நதிப் பக்கம் நடந்த சண்டையில் இருந்தவர். அப்போதைய சட்டப்படி வைத்திய வண்டிகள் போர்க்களத்திலிருந்து ஒரு லீக் தூரம், அதாவது நாலைந்து கிலோமீட்டர், தள்ளி நிற்க வேண்டும். கனத்த வண்டிகள். சண்டை முடிந்த பிறகுதான் கிளம்பும். காயம்பட்டவன் ஒரு நாள், ஒன்றரை நாள் கிடந்த இடத்திலேயே கிடப்பான். லாரே அதே களத்தில் பீரங்கிகளைப் பார்த்தார். குதிரை பூட்டிய இலகுவான பீரங்கிகள் நொடியில் இடம் மாறின. பீரங்கியை அவ்வளவு வேகமாக ஓட்ட முடியுமானால் காயம்பட்டவனை ஏன் முடியாது என்று யோசித்தார். ‘பறக்கும் ஆம்புலன்ஸ்’ என்று பேர் வைத்தார். வானூர்தி வருவதற்கு நூறு வருடத்துக்கு முன்பே ஆம்புலன்ஸுக்குப் ‘பறக்கும்’ என்ற சொல் ஒட்டிக்கொண்டுவிட்டது.

அந்த வண்டியின் அமைப்பை நான் பல தடவை படித்திருக்கிறேன். சமவெளிக்கு இரண்டு சக்கரம், இரண்டு குதிரை. மேடு பள்ளத்துக்கு நாலு சக்கரம். பெட்டி மாதிரி ஒரு உடல், பக்கத்தில் சின்ன ஜன்னல்கள், முன்னாலும் பின்னாலும் கதவு. தரையில் ஒரு சட்டம், அதன் மேல் மெத்தை. சட்டத்துக்கு அடியில் உருளைகள். மெத்தையை அப்படியே வெளியே இழுத்து, ஆளைக் கிடத்தி, உள்ளே தள்ளிவிடலாம்.

எங்கள் ஸ்ட்ரெச்சரும் அதே மாதிரிதான். பின்கதவைத் திறந்து, கொக்கியை விடுவித்து இழுத்தால் முன்கால் இறங்கும், பிறகு பின்கால். ஏற்றும்போது தலைப்பக்கம் முதலில் போகும், கால்கள் தானாக மடங்கும், கடைசியில் ‘டக்’ என்று பூட்டு விழும். அந்த ‘டக்’ கேட்காமல் நான் வண்டியை எடுப்பதில்லை. ஒரு தடவை கேட்காமல் எடுத்து, முதல் வேகத்தடையிலேயே ஸ்ட்ரெச்சர் ஓர் அங்குலம் நகர்ந்தது. படுத்திருந்தவர் இடுப்பு முறிந்த பாட்டி. அவர் போட்ட சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. அந்த உருளைகளை வைத்த மனிதருக்கும் இப்படி ஏதோ ஒரு சத்தம் காதில் கேட்டிருக்க வேண்டும்.

லாரே எகிப்துக்குப் போனபோது மணலில் சக்கரம் ஓடவில்லை. ஒட்டகத்தின் இரண்டு பக்கமும் பெட்டி கட்டி அதில் ஆட்களைக் கிடத்தினார். காயத்தின் கடுமையைப் பார்த்துத்தான் யார் முதலில் என்று முடிவு செய்தார். தளபதியா சிப்பாயா என்று பார்க்கவில்லை. இன்று எங்களுக்குப் பயிற்சியின் தொடக்கத்தில் சொல்லிக்கொடுக்கிற பாடமும் அதுதான்.

பிறகு ஆஸ்திரேலியா. 1917ல் மேற்கு ஆஸ்திரேலியாவின் ஹால்ஸ் க்ரீக் என்ற ஊரில் ஜிம்மி டார்சி என்ற மாட்டுப் பண்ணை வேலைக்காரன் குதிரையிலிருந்து விழுந்தான். உள்காயம். அந்த ஊரில் வைத்தியர் கிடையாது. இருந்தவர் போஸ்ட்மாஸ்டர் டக்கெட். அவருக்குத் தெரிந்தது தந்தி அடிப்பதும் கொஞ்சம் முதலுதவியும். 2,000 கிலோமீட்டருக்கும் அப்பால் பெர்த் நகரில் டாக்டர் ஹாலண்ட் இருந்தார். டக்கெட்டுக்கு முன்பு முதலுதவி கற்றுக்கொடுத்தவரே அவர்தான். இருவருக்கும் நடுவில் தந்திக் கம்பி மட்டும். ஹாலண்ட் மோர்ஸ் சங்கேதத்தில் ஒவ்வொரு படியாகச் சொல்ல, டக்கெட் பேனாக்கத்தியை வைத்துக்கொண்டு, மயக்க மருந்து இல்லாமல், டார்சியின் சிறுநீர்ப்பையில் அறுவை செய்தார். மணிக்கணக்கில் நடந்தது. பிறகு ஹாலண்டே கிளம்பினார். மாட்டுக் கப்பல், கார், குதிரை வண்டி, கடைசியில் நடை. அவர் போய்ச் சேர்ந்ததற்கு முந்தைய நாள் டார்சி இறந்துவிட்டான்.

இந்தக் கதையை முதன்முதலாகப் படித்த ராத்திரி நான் வண்டியில் தனியாக உட்கார்ந்திருந்தேன். படித்து முடித்துக் கொஞ்ச நேரம் கீழே இறங்கி நின்றேன். டாக்டர் இருந்தார், மருந்து இருந்தது, கத்தி பிடிக்கத் துணிந்த கையும் இருந்தது. இல்லாதது வண்டி.

அதே வருடம் கிளிஃபோர்ட் பீல் என்ற இளைஞர், மருத்துவம் படித்துக்கொண்டிருந்து விமானப் படையில் சேர்ந்தவர், ஜான் ஃப்ளின் என்ற பாதிரியாருக்கு ஒரு கடிதம் எழுதினார். உள்நாட்டில் எங்கெங்கே விமானம் நிறுத்தலாம், எவ்வளவு தூரம் பறக்கலாம், எவ்வளவு செலவாகும் என்று கணக்குப் போட்டு எழுதிய கடிதம். அடுத்த வருடம் போரில் பீல் இறந்துவிட்டார். ஃப்ளின் கடிதத்தை விடவில்லை. பத்து வருடம் அலைந்து பணம் சேர்த்தார். 1928 மே 17 அன்று குவீன்ஸ்லாந்தின் க்ளோன்கரியிலிருந்து முதல் வைத்திய விமானம் கிளம்பியது. டாக்டர் வெல்ச், பைலட் ஆர்தர் அஃப்லெக். விமானத்தின் பேர் ‘விக்டரி’, குவான்டாஸ் கம்பெனியிடம் வாடகைக்கு எடுத்தது. மரச் சட்டமும் துணியுமான உடல், ஒற்றை எஞ்சின். டாக்டரும் நோயாளியும் மூடிய அறைக்குள்ளே. பைலட்டுக்குக் கூரை கிடையாது. அவர்களுக்குப் பின்னால், திறந்த குழியில், காற்றிலும் வெயிலிலும் உட்கார்ந்து ஓட்ட வேண்டும். ரேடியோ இல்லை. வேலி, தந்திக் கம்பம், ஆற்றுத் தடம் இவற்றைப் பார்த்தே வழி பிடித்தார் அஃப்லெக். முதல் வருடத்தில் 50 பறப்பு, 225 நோயாளிகள். ஃப்ளின்னின் பேர் தெருவெல்லாம் இருக்கிறது, வெல்ச்சின் பேர் எல்லாப் புத்தகத்திலும் இருக்கிறது. அஃப்லெக்கை அவ்வளவாக யாருக்கும் தெரியாது. நான் அந்தப் பேரை எங்கள் பயிற்சி நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறேன்.

ஹெலிகாப்டர் முதன்முதலாகக் காயம்பட்டவனைத் தூக்கியது நமக்குப் பக்கத்தில், பர்மாவில். 1944 ஏப்ரல். ஜப்பான் படைகளுக்குப் பின்புறம் காட்டுக்குள் ஒரு சின்ன விமானம் விழுந்துவிட்டது. உள்ளே அமெரிக்க பைலட் ஒருவர், காயமும் காய்ச்சலுமாக மூன்று பிரிட்டிஷ் சிப்பாய்கள். விமானம் இறங்க இடமில்லை. அசாமில் லாலாகாட் என்ற இடத்தில் சிகோர்ஸ்கி கம்பெனியின் ஹெலிகாப்டர் ஒன்று இருந்தது. அதை ஓட்டியவர் கார்ட்டர் ஹார்மன் என்ற இளம் லெஃப்டினென்ட். அந்த மாதிரி வண்டி போருக்கே புதுசு. 200 குதிரைச் சக்திகூட இல்லாத எஞ்சின். கூடுதலாக ஒரு பெட்ரோல் தொட்டியைக் கட்டிக்கொண்டு, மலை தாண்டி, இடையில் இறங்கி இறங்கிப் போனார். ஹெலிகாப்டரில் பைலட்டைத் தவிர ஒரே ஓர் ஆளுக்குத்தான் இடம். பர்மாவின் வெப்பக் காற்று வேறு லேசானது, அந்த ஓர் ஆளையே தூக்கத் திணறும். நாலு பேரை எப்படி எடுப்பது? ஒவ்வொருவராக. ஒருவரை ஏற்றி ஆற்றங்கரை மணல்திட்டில் இறக்கிவிட்டு, அங்கிருந்து இன்னொரு சின்ன விமானம் எடுத்துப்போக, திரும்பப் போய் அடுத்தவர். இரண்டாவது ஆளோடு எஞ்சின் சூடேறி நின்றுவிட்டது. அன்றைக்கு ராத்திரி மணல்திட்டிலேயே தங்கினார். எஞ்சின் ஆறி, மறுநாள் மீதி இரண்டு பேர்.

ஹார்மன் சத்தமில்லாமல் செய்த காரியம் அது. போருக்குப் பிறகு இசை விமர்சகராகிவிட்டார். அந்த மணல்திட்டு ராத்திரியை நான் அடிக்கடி நினைப்பேன். எட்டயபுரம் பக்கம் ஒரு மழை நாளில், கண்மாய் உடைந்து ரோட்டில் தண்ணீர் போய்க்கொண்டிருந்தபோது, நிறைமாதப் பெண்ணை ஏற்றிக்கொண்டு நானும் அப்படித்தான் நின்றேன். பின்னால் போக வழியில்லை, முன்னால் ஆழம் தெரியவில்லை. பைலட்டுக்கு வேகம் மட்டும் தெரிந்தால் போதாது. நிற்கவும், நிற்கிறபோது பின்னால் இருப்பவர்களுக்குப் பயம் வராமல் பார்த்துக்கொள்ளவும் தெரிய வேண்டும். ஊர்க்காரர் ஒருவர் இடுப்பளவுத் தண்ணீரில் முன்னால் நடந்து காட்ட, அவர் முதுகைப் பார்த்தே ஓட்டினேன். குழந்தை வண்டியிலேயே பிறந்தது. பையன்.

இந்த வரிசையில் நம்மூர் மனிதர் ஒருவரும் இருக்கிறார். ஆற்காடு கோபால் ரங்கராஜ், ராணுவ டாக்டர். 1941ல் இந்தியாவில் முதன்முதலாகப் பாராசூட்டில் குதித்த இந்திய வீரர் இருவரில் ஒருவர். கொரியப் போர் நடந்தபோது, இந்தியா சண்டைக்கு ஆள் அனுப்பாமல் 60ஆவது பாராசூட் ஃபீல்டு ஆம்புலன்ஸ் பிரிவை அனுப்பியது. 1950 நவம்பரில் அவர் தலைமையில் போனார்கள். சீனப் படை இறங்கி வர, எல்லாரும் பின்வாங்குகிறார்கள். கையிலிருக்கிற மருந்தையும் கருவிகளையும் விட்டுவிட்டு வரச் சொல்லி உத்தரவு. அவர்களுக்கு மனசு வரவில்லை. பியாங்யாங்கில் கேட்பாரற்று நின்ற பழைய நீராவி எஞ்சின் ஒன்றைக் கண்டுபிடித்து, வாளி வாளியாகத் தண்ணீர் கைமாற்றிக் கொதிகலனை நிரப்பி, பெட்டிகளைக் கோத்து, ரயிலை அவர்களே ஓட்டி, பாலம் தகர்க்கப்படுவதற்குச் சற்று முன் ஆற்றைக் கடந்துவிட்டார்கள். அடுத்த மார்ச்சில் ரங்கராஜும் அவருடைய ஆட்கள் சிலரும் அமெரிக்கப் பாராசூட் படையோடு வானத்திலிருந்து குதித்து, இறங்கிய இடத்திலேயே அறுவை வைத்தியம் செய்தார்கள். அவருக்கு மகாவீர் சக்ரா கொடுத்தார்கள். ரயில் ஓட்டிய அந்த ராத்திரியை வைத்து யாராவது தமிழில் ஒரு சித்திரக்கதை வரையலாமே என்று நான் பலரிடம் கேட்டிருக்கிறேன்.

கொரியாவில் ஹெலிகாப்டரின் வெளியே, இரண்டு பக்கமும் தொட்டில் மாதிரி கட்டி அதில் காயம்பட்டவர்களைக் கிடத்திப் பறந்தார்கள். வியட்நாமில் ஹெலிகாப்டர் பெரிசாகி, ஆள் உள்ளே போக இடம் வந்தது. ‘டஸ்ட் ஆஃப்’ என்று அதற்குக் கூப்பிடும் பேர். சிவப்புச் சிலுவை போட்ட, துப்பாக்கி பொருத்தாத வண்டிகள். சார்லஸ் கெல்லி என்ற பைலட், காயம்பட்டவர்களை ஏற்றாமல் கிளம்ப மறுத்து 1964 ஜூலையில் சுடப்பட்டு இறந்தார். ‘மெடிவாக்’ என்ற சொல் ஊரறிந்த சொல்லானது அந்தக் காலத்தில்தான். இருபத்தைந்து வருடம் கழித்து அதை ஹிலாரி ராபின்சன் எடுத்து விண்வெளியில் வைத்தார்.

வைக்கிற இடம் தயாராக இருந்தது. அதற்கு 1950க்குப் போக வேண்டும். இங்கிலாந்தில் ரேஷன் இன்னும் முடியவில்லை. சவுத்போர்ட் பக்கத்துப் பாதிரியார் மார்கஸ் மாரிஸ், பிள்ளைகளுக்கு நல்ல சித்திரக்கதை வேண்டும் என்று ஃபிராங்க் ஹாம்ப்சன் என்ற ஓவியரோடு சேர்ந்து ‘ஈகிள்’ என்ற பத்திரிகையைத் திட்டமிட்டார். மாதிரி இதழில் கதாநாயகனுக்கு அவர்கள் மாட்டியது பாதிரியாரின் வெள்ளைக் கழுத்துப்பட்டை. கிரகங்களுக்கிடையே ரோந்து போகும் படையின் சாமியார், பேர் டான் டேர். அச்சுக்குப் போகுமுன் பட்டை போய்விட்டது. 1950 ஏப்ரல் 14 முதல் இதழில் அவன் ‘எதிர்காலத்தின் பைலட்’. ஆனாலும் அவன் போன முதல் பயணம் சண்டைக்கு இல்லை. பூமியில் உணவுப் பஞ்சம், வெள்ளிக் கிரகத்தில் உணவு விளையுமா என்று பார்த்துவரத்தான் போனான். கூட வந்தவர் ஒரு பெண் விஞ்ஞானி, பேராசிரியர் பீபடி. ரேஷன் அட்டை வைத்துக்கொண்டு படித்த பிள்ளைகளுக்கு அது எவ்வளவு நெருக்கமாக இருந்திருக்கும்!

ஹாம்ப்சன் வேலை செய்த விதத்தைச் சொல்லாமல் போக எனக்கு மனசில்லை. சவுத்போர்ட்டில் பழைய ரொட்டி சுடும் கட்டடம் ஒன்றில் அவருடைய பட்டறை. விண்கப்பல்களுக்கு மாதிரிகள் செய்து வைத்து, வெளிச்சம் எந்தப் பக்கம் விழுகிறது என்று பார்த்து வரைவார். ஒவ்வொரு சட்டத்துக்கும் தன்னோடு வேலை பார்க்கிறவர்களை நிற்கவைத்துப் படம் எடுப்பார். கதையில் வரும் தளபதி சர் ஹியூபர்ட்டின் முகம் அவருடைய அப்பாவின் முகம். பீபடிக்கு உடனிருந்து வரைந்த கிரெட்டா டாம்லின்சன் நின்றார். தொடக்க மாதங்களில் அறிவியல் ஆலோசனை சொன்னவர் ஆர்தர் சி. கிளார்க், பின்னாளில் இலங்கைக்கே குடிவந்துவிட்டவர். அந்தப் பட்டறையில்தான், பைலட் என்றால் மூளையும் நிதானமும் உள்ளவன் என்ற படம் இங்கிலாந்துப் பிள்ளைகள் மனதில் பதிந்தது. 1977ல் ‘2000 ஏடி’ டான் டேரைத் திரும்பக் கொண்டுவந்தபோது அவனை முரட்டு ஆளாக்கிவிட்டது. கழட்டி எறிந்த அந்தக் கழுத்துப்பட்டையைப் பத்துப் பன்னிரண்டு வருடம் கழித்து, அதே பத்திரிகையில், மெடிவாக் பைலட் எடுத்து மாட்டிக்கொண்டதாகத்தான் நான் பார்க்கிறேன்.

இன்னொருவரையும் சேர்க்க வேண்டும், ஜேம்ஸ் ஒயிட். வட அயர்லாந்தின் பெல்ஃபாஸ்ட்காரர். டாக்டருக்குப் படிக்க ஆசை, வீட்டில் வசதி இல்லை. துணிக்கடையில் வேலைக்குப் போனார். கடைக்கு வருகிறவர்களுக்குச் சட்டை அளவு பார்த்துக்கொண்டே, ராத்திரியில் விண்வெளியில் 384 தளங்கள் உள்ள ஓர் ஆஸ்பத்திரியைக் கட்டினார். ‘செக்டர் ஜெனரல்’ என்று அதற்குப் பேர், 1957லிருந்து கதைகள். ஒரு தளத்தில் குளோரின் வாயுவைச் சுவாசிப்பவர்கள், ஒரு தளத்தில் தண்ணீருக்குள் வாழ்பவர்கள், ஒரு தளத்தில் கொதிநீராவி வேண்டியவர்கள். வருகிற நோயாளி என்ன இனம், என்ன காற்று வேண்டும் என்பதை நாலே எழுத்தில் சொல்லிவிடுவார்கள். நாங்கள் ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியிலேயே வயது, ரத்த அழுத்தம், நினைவு இருக்கிறதா என்று சொல்லிவிடுவோமே, அதே முறை. 1979ல் வந்த தொகுப்பில் அந்த ஆஸ்பத்திரிக்கு ‘ரப்வார்’ என்று ஓர் ஆம்புலன்ஸ் கப்பலும் வந்தது. பெல்ஃபாஸ்ட் தெருக்களில் குண்டு வெடித்துக்கொண்டிருந்த வருடங்கள் அவை. வாழ்நாள் முழுக்கப் போரை வெறுத்த அந்த மனிதர், சண்டையில் யார் ஜெயித்தார் என்று எழுதாமல், யாரை எப்படிக் காப்பாற்றினார்கள் என்றே முப்பது வருடத்துக்கு மேல் எழுதினார். காமிக்ஸ் படிக்கிற பிள்ளைகள் அவரைத் தமிழிலும் படிக்கிற நாள் வரவேண்டும்.

தமிழ்நாட்டில் 108 தொடங்கியது 2008 செப்டம்பர் 15. அதற்கு முன் எங்கள் பக்கத்து ஊர்களில் பிரசவ வலி வந்தால் மாட்டு வண்டி, டிராக்டர், உப்பு லாரி. என் சித்தி உப்பு லாரியில் போனவர். பைலட் என்ற பேரை எங்களுக்குக் கொடுத்தவர்கள் இதையெல்லாம் நினைத்துக் கொடுத்தார்களா தெரியாது. ஆனால் அந்தப் பேருக்குப் பின்னால் அஃப்லெக்கும் ஹார்மனும் கெல்லியும் இருக்கிறார்கள். புதிதாகச் சேருகிற பையன்களிடம் நான் அவர்களைப் பற்றிச் சொல்கிறேன். சில பேர் ஆர்வமாகக் கேட்பார்கள். சில பேருக்குத் தூக்கம் வரும், 12 மணி நேர வேலை.

போன வருடம் மாமாவுக்கு நெஞ்சு வலி. நான் அன்றைக்கு விடுப்பில் இருந்தேன். 108க்கு அடித்தேன், பக்கத்து ஸ்டேஷன் வண்டி வந்தது. அத்தையால் ஏற முடியவில்லை, நான் ஏறினேன். இத்தனை வருடத்தில் ஓடுகிற ஆம்புலன்ஸில் நான் பின்னால் உட்கார்ந்தது அன்றைக்குத்தான். ஆக்ஸிஜன் மாஸ்க் போட்டு, விரலில் கிளிப் மாட்டி, இ.எம்.டி. பெண் பச்சை எண்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். முன்னால் சின்னக் கண்ணாடி ஜன்னல் வழியாகப் பைலட்டின் பின்கழுத்து மட்டும் தெரிந்தது. நோயாளிகள் எங்களைப் பார்ப்பது அவ்வளவுதான் என்று எனக்கு அதுவரை தோன்றியதே இல்லை. வியர்த்திருந்தது அந்தக் கழுத்து. வேகத்தடைக்கு முன்னால் அவன் தோள் லேசாக இறங்கும், வண்டி அலுங்காமல் ஏறி இறங்கும்.

மாமா கண்ணைத் திறந்தார். முப்பது வருடம் எஞ்சின் சத்தத்தில் வேலை பார்த்த காது, வண்டியின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறது. மாஸ்க்கைக் கொஞ்சம் நகர்த்தி என்னைக் கிட்டே கூப்பிட்டார்.

“நல்லா ஓட்டுதாம்ல. யாரு மருமவனே பைலட்டு?”

நான் பேரைச் சொன்னேன். ஒட்டப்பிடாரத்துப் பையன், சேர்ந்து எட்டு மாதம்தான் ஆகிறது.